பகுபடும் பேரெண்ணும் விடுபட்ட எண்ணும்

எண் என்னும் சொல் தமிழில் இருபொருள் பயப்பது. கணக்கிடுதலும் எண்ணுதலே, சிந்தித்தலும் எண்ணுதலே. எண்ணையும் எழுத்தையும் வாழும் உயிர்க்குக் கண்களெனக் கொண்டார் வள்ளுவர். எழுத்தைப் பற்றிச் சங்க மலர்களில் நாம் நிரம்பவே எழுதிவிட்டோம். எண்ணாகிய மற்றொரு கண்ணைப் பற்றி எழுதியது குறைவு. கணக்கு என்றால் கடைக்காரர்க்கும் கருவூலத்தார்க்கும் உரியது, அறத்திற்கும் அதற்கும் தொடர்பில்லை என்னும் நினைப்பே இதற்குக் காரணமாகலாம். அந்நினைப்பு சரிதானா என்பதை ஒரு பேரெண்ணின் துணைகொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் எண் 67,46,32,83,88,800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று இதனைப் படிக்க வேண்டும். ஒரு தமிழரின் கைப்பட்டு அச்சேறிய எண் இது. அவர் எழுதிய பட்டியல் ஒன்றின் இறுதியில் இது நிற்கிறது.

பகா எண்ணும் பகு எண்ணும்

பன்னிரண்டு மாம்பழங்கள் ஒரு வீட்டில் உள்ளன என்க. இருவர் வரினும் மூவர் வரினும் நால்வர் வரினும் அறுவர் வரினும் சமமாகப் பகிரலாம். கத்தியை எடுக்க வேண்டியதில்லை. பழம் பதின்மூன்றானால் நிலைமை வேறு. ஒருவரே அத்தனையும் உண்ண வேண்டும். அன்றேல் பதின்மூவர் வந்து ஆளுக்கொன்று கொள்ள வேண்டும். வேறு எத்தனை பேர் வந்தாலும் மீதி விழும். ஒன்று கூடிய பதின்மூன்று பகிர்வதற்கு உதவாமல் போக, ஒன்று குறைந்த பன்னிரண்டு பலர்க்கும் பயன்படுகிறது.

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை வகுத்திகள் என்பர். பன்னிரண்டிற்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள். பதின்மூன்றிற்கு ஒன்றும் தானுமாக இரண்டே. இவ்வாறு இரண்டே வகுத்திகள் உடையது பகா எண். இரண்டின் மிக்க வகுத்திகள் உடையது பகு எண்.

கணித அறிஞர்கள் நெடுங்காலம் மயங்கி நின்றது பகா எண்களின் அழகில்தான். பிறர் கைக்கு அகப்படாமல் தனித்து நிற்பதில் ஒரு பெருமிதம் உண்டு. மக்களிடையேயும் அத்தகையோரையே உலகம் பெரிதும் வியக்கிறது. பலர்க்கும் பகுபட்டு வாழ்பவரை வியப்போர் சிலரே. தனித்து நிற்பது பெருமையா, பகுபட்டு நிற்பது பெருமையா என்பதே நம் முதல் வினா.

இராமானுசனின் பட்டியல்

1887இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசனின் வரலாற்றைத் தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1729 என்னும் வாடகைவண்டி எண்ணின் கதையும் நம் இல்லங்களில் குழந்தைகளும் அறிந்ததே. ஆயின் அவர் கேம்பிரிட்ஜில் பட்டம் பெறக் காரணமாக இருந்தவை பகு எண்கள் என்பதை அறிந்தோர் குறைவு.

1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தவர் அவர். கல்லூரித் தேர்வுகளில் தவறியதால் பட்டம் இல்லாதவர். 1914இல் கடல் கடந்தார். மறு ஆண்டே இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அறுபது பக்கத்திற்கும் மேற்பட்ட ஒரு நெடுங்கட்டுரை வெளியிட்டார். அதற்காகவே 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவர்க்கு ஆராய்ச்சி வழியாக பி.ஏ. பட்டம் அளித்தது.

அக்கட்டுரையில் அவர் ஆராய்ந்தவற்றை மிகுபகு எண்கள் என்று நாம் அழைக்கலாம். தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகள் எவ்வெண்ணுக்கு உண்டோ அது மிகுபகு எண். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இவ்வரிசை செல்லும். பகா எண்ணுக்கு எவ்வளவு மாறுபட முடியுமோ அவ்வளவும் மாறுபட்டவை இவை. நூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய எண்களை இராமானுசன் பட்டியலிட்டார். இறுதியில் வைத்ததே நாம் மேலே கூறிய 67,46,32,83,88,800.

இவ்வெண்ணின் அமைப்பு நோக்கத்தக்கது. இரண்டை ஆறு முறையும், மூன்றை நான்கு முறையும், ஐந்தையும் ஏழையும் இவ்விரு முறையும், 11, 13, 17, 19, 23 ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். வகுத்தியொன்றை அமைக்கும்போது இரண்டை எடுக்காமலும் விடலாம். ஒரு முறை முதல் ஆறு முறை வரை எடுக்கவும் செய்யலாம். ஆக ஏழு வழிகள். அவ்வாறே மூன்றுக்கு ஐந்து, ஐந்துக்கு மூன்று, ஏழுக்கு மூன்று, எஞ்சிய ஐந்துக்கும் தனித்தனியே இரண்டு வழிகள். அனைத்தையும் பெருக்கினால் 10,080. அத்தனை வகுத்திகள் இவ்வெண்ணுக்கு உண்டு. ஒரு வாரத்தில் எத்தனை நிமிடங்களோ அத்தனை என்று நினைவில் கொள்ளலாம்.

ஒன்று முதல் இருபத்தெட்டு வரை எந்த எண்ணால் வகுத்தாலும் இதில் மீதி விழாது. இருபத்தொன்பது வந்ததும் தடுக்கி நிற்கும். இதுவும் ஒரு பாடமே. எத்துணைப் பெரிய எண்ணாயினும் எல்லா எண்களுக்கும் பகுபடுதல் இயலாது. எத்துணை ஈகையாளர் ஆயினும் வாசலில் வந்து நிற்போர் அனைவரையும் நிறைவு செய்தல் அரிது.

சிறியவற்றின் பங்கு

இவ்வெண்ணுள் அமைந்த பகா எண்கள் 2 முதல் 23 வரை இடைவெளியின்றி வரிசையாக நிற்கின்றன. அன்றியும், சிறியவற்றின் பங்கு மிகுதி. பெரியவற்றின் பங்கு குறைவு. இது தற்செயல் அன்று. எல்லா மிகுபகு எண்களும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவையே.

காரணம் எளிது. 84 என்பது 2, 2, 3, 7 ஆகியவற்றின் பெருக்கம். அதற்குப் பன்னிரண்டு வகுத்திகள். அதில் ஏழை நீக்கி, இடையில் விடுபட்ட ஐந்தைச் சேர்த்தால் 60 வரும். அதற்கும் பன்னிரண்டு வகுத்திகளே. சிறிய எண்ணே அத்தனை வகுத்திகளைத் தரும்போது 84 மிகுபகு எண் ஆகாது. சிறியதைத் தாண்டிப் பெரியதைச் சேர்த்துக்கொண்ட எண் தன் தகுதியை இழக்கிறது.

இன்னும் ஒன்று காண வேண்டும். மிகுதியும் பகுபடும் இவ்வெண்ணை ஆக்கியவை பகா எண்களே. தன்னுள் பகாதவை சில உறுதியாக நிற்பதால்தான் அது பலர்க்கும் பகுபடுகிறது. மனிதர்க்கும் இது பொருந்தும். விட்டுக்கொடாத சில கொள்கைகள் உள்ளத்தில் இருப்பவர் பிறர்க்குத் தம்மைத் தாராளமாகப் பகிரலாம். அவை இல்லாதவர் பகிரும்போது சிதறிப்போவார். ஆகவே தனித்து நிற்றலும் பகுபடுதலும் பகைகள் அல்ல என்பது நம் முதல் வினாவிற்கு விடையாகிறது.

முன்னோர் தேர்ந்த அளவைகள்

நாளொன்றுக்கு அறுபது நாழிகை. நாழிகைக்கு அறுபது விநாழிகை. ஆண்டு வட்டம் அறுபது. நாளை ஆறு சிறுபொழுதாகப் பகுத்தால் பொழுதுக்குப் பத்து நாழிகை. ஆண்டின் பன்னிரு திங்களை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தால் பொழுதுக்கு இரு திங்கள். மீதி என்பதே இல்லை. ஆறும் பன்னிரண்டும் அறுபதும் இராமானுசன் பட்டியலில் உள்ளவை.

பழைய நாணய முறையில் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்குப் பன்னிரண்டு தம்பிடி. ஆக ரூபாய்க்கு 192 தம்பிடி. உடன்பிறந்தார் மூவர் ஒரு ரூபாயைப் பகிர்ந்தால் ஆளுக்கு 64 தம்பிடி கிடைத்தது. 1957 ஏப்ரல் முதல் நாள் பதின்முறை நாணயம் வந்தது. கணக்கெழுதுவோர்க்கு அது பெரும் விடுதலை; எம்மைப் போன்ற எழுத்தர் அதனைக் குறைகூற மாட்டோம். ஆயினும் நூறு காசை மூவர் சமமாகப் பகிர முடியாது. ஒரு காசு எஞ்சும். 192க்குப் பதினான்கு வகுத்திகள், 100க்கு ஒன்பதே. எழுதுவதற்கு எளிய எண் வேறு, பகிர்வதற்கு எளிய எண் வேறு என்பது இதனால் விளங்கும்.

கிரேக்க அறிஞர் பிளேட்டோ 'சட்டங்கள்' என்னும் தம் நூலில் ஒரு நன்னகரத்தைக் கற்பனை செய்து, அதில் 5,040 குடும்பங்கள் இருத்தல் வேண்டும் என்றார். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் அது மீதியின்றிப் பகுபடும் என்பதே அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. வரி தண்டவும், நிலம் பங்கிடவும், படை திரட்டவும் அத்தகைய எண் வசதி என்பது அவர் கருத்து. 5,040ம் ஒரு மிகுபகு எண்ணே. அதன் வகுத்திகள் அறுபது.

ஒரு தடை

இங்கே ஒரு தடை எழும். எண்ணில் அறம் காண்பது எண்சோதிடம் போன்றதொரு மயக்கம் அன்றோ? பன்னிரண்டு கொடையாளியும் அன்று, பதின்மூன்று கருமியும் அன்று. எண் எதையும் கொடுப்பதில்லை. நாமே வகுக்கிறோம், நாமே வியக்கிறோம்.

இத்தடை வலியது, ஒப்புக்கொள்ளத் தக்கது. எண்ணுக்கு ஈரமும் இல்லை, வன்மையும் இல்லை. பெயரின் எழுத்தைக் கூட்டிக் கழித்து வாழ்வை மாற்ற முடியும் என்பார் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் எந்த எண்ணை அளவையாகக் கொள்வது என்று தேர்ந்தவர் மனிதர். அத்தேர்வில் அறம் உண்டு. பங்கிடும் நாளில் பூசல் எழாதிருக்க வேண்டும் என்று கருதி ஒருவர் பன்னிரண்டைத் தேர்ந்தாரெனில், நாம் போற்ற வேண்டியது எண்ணை அன்று, அக்கருத்தை. பகிர்ந்துண்டு பிற உயிர்களைக் காப்பதை அறங்களுள் தலையாயதாக வைத்தவர் வள்ளுவர். பகிர்வோர்க்கு நல்ல மனம் வேண்டும். அம்மனத்திற்குக் கருவியாக நல்ல கணக்கும் வேண்டும்.

விடுபட்ட எண்

இனி நம் இரண்டாம் வினாவிற்கு வருவோம். இராமானுசனின் பட்டியலில் ஓர் எண் விடுபட்டுள்ளது. அது 2,93,31,86,25,600. இவ்வெண்ணுக்கு 5,040 வகுத்திகள். இதற்கு முந்திய மிகுபகு எண்ணாகிய 2,40,94,02,99,600க்கு 4,800. அடுத்து வரும் 3,21,25,37,32,800க்கு 5,376. இவ்விரண்டுக்கும் இடையே உரிய இடம் இருந்தும் அது அச்சேறவில்லை. பின்வந்தோர் பட்டியலைச் சரிபார்த்துக் கண்டனர்.

வியப்பு இதனோடு முடியவில்லை. விடுபட்ட இவ்வெண்ணை இருபத்துமூன்றால் பெருக்கிப் பார்த்தால் வருவது 67,46,32,83,88,800. பட்டியலில் இடம் பெறாத எண்ணே, இருபத்துமூன்று மடங்காகிப் பட்டியலின் இறுதியில் முடிபோல் நிற்கிறது.

ஓர் எண்ணின் தகுதி பட்டியலால் வருவதா? தகுதியால் பட்டியல் வருவதா? கணிதத்தில் விடை தெளிவு. இராமானுசன் எழுதியதால் எந்த எண்ணும் மிகுபகு எண் ஆகிவிடவில்லை. எழுதாததால் இவ்வெண் அத்தகுதியை இழக்கவும் இல்லை. அவர் வகுத்த இலக்கணமே அவர் விட்டதைச் சேர்க்கும் உரிமையைப் பிறர்க்குத் தந்தது. இலக்கணம் வெளிப்படையாக இருந்தமையால், பள்ளி மாணவன் ஒருவனும் பெருக்கிப் பார்த்து அப்பெருமேதையின் பட்டியலைத் திருத்தலாம். இதனால் மேதையின் புகழ் குன்றவில்லை.

அக்கட்டுரைக்கே இத்தகைய கதை ஒன்று உண்டு. இலண்டன் கணிதச் சங்கம் பண நெருக்கடியில் இருந்தமையால் கட்டுரையின் ஒரு பகுதி 1915இல் அச்சாகவில்லை. 1920இல் இராமானுசன் மறைந்தார். விடுபட்ட அப்பகுதி 1988இல்தான் அவர்தம் கையெழுத்துப் படிகளின் தொகுப்போடு வெளிவந்தது. எழுபத்து மூன்று ஆண்டுகள் காத்திருந்தும் அதன் உண்மை பழுதுபடவில்லை. அல்சூர் ஏரிக்கரையருகே நம் வள்ளுவர் சிலை பல்லாண்டுகள் மூடியிருந்து, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் திறக்கப்பட்டதை நாம் அறிவோம். மூடியிருந்த காலத்திலும் வள்ளுவர் வள்ளுவரே.

எண்ணும் மனிதரும்

இவ்வளவோடு நிறுத்தினால், விடுபட்டோர் வருந்த வேண்டியதில்லை, தகுதி தானே விளங்கும் என்னும் ஆறுதல் உரையாக இக்கட்டுரை முடிந்துவிடும். அந்த ஆறுதலை நாம் ஏற்க மறுக்கிறோம். எண் காத்திருக்கும், ஏனெனில் எண்ணுக்குப் பசியில்லை, முதுமையில்லை, பள்ளிக்கு அனுப்ப வேண்டிய குழந்தைகள் இல்லை. மனிதருக்கு இவையெல்லாம் உண்டு. எழுபத்து மூன்று ஆண்டுகள் ஒரு கட்டுரை காத்திருக்கலாம். ஓய்வூதியப் பட்டியலில் பெயர் விடுபட்ட கைம்பெண் எழுபத்து மூன்று நாள் காத்திருப்பதே கொடுமை.

பிழைப்பு நாடி ஊர்விட்டு வந்த நம்மவர் பலர்க்கு இந்நிலை புதிதன்று. இங்கே இல்லாதவர் என்று பிறந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் அடிபடும். முகவரிச் சான்று இல்லை என்று வந்த ஊரின் பட்டியலில் பெயர் ஏறாது. இரண்டு பட்டியல்களுக்கும் இடையே ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அக்குடும்பத்தின் உரிமை குறைந்துவிடவில்லை என்பது உண்மையே. ஆனால் உரிமையை நினைத்துக்கொண்டு அரிசி வாங்க முடியாது.

பிளேட்டோவின் நகரத்திலும் இத்தகைய இடர் ஒளிந்திருக்கிறது. 5,040 பதினொன்றால் பகுபடாது. இரண்டு குடும்பங்களை ஒதுக்கிவிட்டால் அதுவும் சரியாகிவிடும் என்று அவர் கூறினார். எஞ்சும் 5,038ஐப் பதினொன்றால் வகுத்தால் 458 என்பது மெய்தான். கணக்கு நேர்பட்டது. ஆயின் அந்த இரண்டு குடும்பங்கள் எங்கே நிற்கும்? ஏட்டில் இரண்டு என்பது சிறு திருத்தம். அவ்விரு வீடுகளுக்குள் இருப்போர்க்கு அதுவே உலகம். கணக்குக்காக மனிதரைக் குறைக்கக் கூடாது. மனிதருக்காகவே கணக்கைத் திருத்த வேண்டும். பதினொன்றாலும் பகுபட வேண்டுமாயின் 5,040ஐப் பதினொரு மடங்காக்கி 55,440 என்று கொள்ளலாம். அதுவும் ஒரு மிகுபகு எண்ணே. ஒதுக்குவதற்கு மாற்று, விரிப்பது.

நாம் செய்யத்தக்கவை

அலுவலகங்களில் பட்டியல் எழுதும் தொழிலில் நம்மவர் பலர் இருக்கின்றனர். இராமானுசனின் கண்ணுக்கே ஓர் எண் தப்பியதெனில், நம் பேனாவுக்கு எத்தனை பெயர் தப்பும்! ஆகவே எழுதி முடித்த பட்டியலை முடிந்ததாகக் கருதாமை நம் முதற்கடமை. எவ்விதியால் பெயர்கள் சேர்க்கப்பட்டன என்பதை வெளிப்படையாக வைத்தல் இரண்டாவது. விதி தெரிந்தால் விடுபட்டவரே வந்து தம் இடத்தைக் காட்டுவார். அவ்வாறு வருபவரைப் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பாமல், விதியின்படி இருக்க வேண்டியவர்தாமா என்று பார்த்தல் மூன்றாவது.

நகர வாழ்விலும் நமக்கு ஒரு பாடம் உண்டு. பிரேசர் டவுன் இன்று புலிகேசி நகர் என்னும் பெயரும் தாங்கி நிற்கிறது. கோல்ஸ் பூங்காவில் மாலையில் அரைமணி நேரம் அமர்ந்தால் தமிழும் உருதும் கன்னடமும் ஆங்கிலமும் செவியில் விழும். இச்சூழலில் பகா எண்ணாய்த் தனித்து நிற்பதே மொழிப்பற்று என்று சிலர் எண்ணுகின்றனர். எல்லாரோடும் கலந்து தமிழை மறப்பதே நாகரிகம் என்று வேறு சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் குறையே. வீட்டில் தமிழ் பகாது நிற்கட்டும். தெருவில் அண்டைவீட்டாரின் கன்னடத்தை நம் பிள்ளைகள் ஆர்வத்தோடு கற்கட்டும். பல வகுத்திகள் உடைய எண் சிறுத்துவிடுவதில்லை. பொதுக் குழாய் நீரும் பொது மீட்டர் கட்டணமும் பங்கிடும் வரிசை வீடுகளில், மீதி விழும் ஒரு ரூபாயை நம் கணக்கில் ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையும் வளரட்டும்.

67,46,32,83,88,800 என்னும் எண்ணை நாளை நாம் மறந்துவிடலாம், மறந்தால் பழுதில்லை. சிறியவற்றைத் தாண்டிச் செல்லாதே வளர்ந்த எண் அது என்பதையும், அதனுள்ளே பட்டியலில் விடுபட்ட ஓர் எண் அடங்கியிருக்கிறது என்பதையும் நினைவில் வைத்தால் போதும். எண்ணும்போது ஒருவரையும் விடாமல் எண்ணுவோம். எண்ணியபின் எவர் விடுபட்டார் என்று மீண்டும் எண்ணிப் பார்ப்போம்.